சும்மா இருந்தவனுக்கு வேலை கிடைத்தது

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. கதை கிடைத்த இடத்தை எழுத்தாளர்கள் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் மழை நாள், ரயில் பயணம், பழைய புகைப்படம் என்று கௌரவமான இடமாகப் பார்த்துச் சொல்வார்கள். என்னுடையது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே நானும் ஒரு பை வெங்காயமும் இருந்தோம்.

பழுது பார்க்க வந்தவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. மேலே கதவிடுக்கில் ஒரு ஜோடிப் புது பூட்ஸும் ஒரு குரலும் தெரிந்தன. (குரல் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இருட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த வாக்கியத்தை அடிக்காமல் விடுகிறேன்.)

"பயப்படாதீங்க சார். கயிறெல்லாம் கெட்டியா இருக்கு. கதவுல ஒரு சுவிட்சு மக்கர் பண்ணுது, அவ்வளவுதான்."

"ரொம்ப வருஷமா இந்த வேலையில இருக்கீங்களா?" மனதுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

"இல்ல சார், இப்பதான் சேர்ந்தேன். அதுக்கு முன்னாடி சும்மா இருந்தேன்."

தெம்பு வரவில்லை, கதை வந்தது. ஸ்க்ரூடிரைவர் சுற்றும் சத்தத்துக்கு நடுவே, மூடிய தொழிற்சாலை, அரசாங்கம் கொடுத்த உதவித்தொகை, அதே உதவித்தொகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா, அக்காவின் மாமனார் என்று ஒவ்வொருவராக இடுக்கு வழியே இறங்கி வந்தார்கள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். சூடுபிடிக்கிற இடத்தில் அவருடைய போன் அடித்தது.

"என்னது? எப்போலேருந்து?" என்றார். பிறகு இடுக்கில் குனிந்தார். "சார், மன்னிச்சிருங்க. எங்க வீட்டுப் பெரியவரைக் காணோமாம். ஓடிப் போய்ட்டு வந்துடறேன்."

பூட்ஸ் மறைந்தது. நான் அங்கேயே இருந்தேன். கோபம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. காவலாளி இடுக்கு வழியே தண்ணீர் பாட்டில் போட்டார். கடைசியில் என்னிடம் மிஞ்சியது ஒரே கேள்வி: அந்தப் பெரியவர் கிடைத்தாரா, இல்லையா?

மாலையில் அவர் வந்து என்னை வெளியே எடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். கதையின் மறுபக்கத்தைக் கேட்க, பிறகு ஒரு நாள் அவருடைய அக்காவைத் தேடிப் போனேன்.

"எழுதுங்க. ஆனா என்னைக் கெட்டவளா எழுதாதீங்க" என்றார் அக்கா.

"எழுத மாட்டேன்."

"நல்லவளாவும் எழுதாதீங்க. ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க."

2

முதல் தொடக்கம்: "உழைக்காமல் உண்பது குறித்து மனிதகுலம் தொன்றுதொட்டு—"

அடித்துவிட்டேன். மனிதகுலத்தில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அக்கா கண்டிப்பானவர்." இதை அவரிடமே காட்டினேன். சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"கண்டிப்புன்னு போட்டா எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பேன்னு நெனச்சுப்பாங்க. நான் ஒழுங்கானவ. அவ்வளவுதான்."

மூன்றாம் தொடக்கம்: "தம்பி ஒரு சோம்பே—"

இந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை. என்னை லிஃப்டிலிருந்து மீட்டவர் என்பது ஒரு காரணம். அது உண்மையில்லை என்பது இன்னொரு காரணம். முழுப் பொய்யும் இல்லையே என்று பேனா தயங்கியது மூன்றாவது காரணம். சரி, அந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். (லிஃப்டில் அவரை 'அவர்' என்றேன். இனி 'அவன்' என்பேன். கதையை அக்காவின் பக்கத்தில் நின்று சொல்லப்போகிறேன்; அக்கா தன் தம்பியை வேறு எப்படிச் சொல்வார்?)

3

அக்கா உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. அதைப் போட்டவர் எந்த உயரத்தை மனதில் வைத்துப் போட்டாரோ, யார் வந்தாலும் குனிந்துதான் பேச வேண்டியிருக்கும். அதனால் வேலையில்லாதவர்கள் எல்லாருமே பணிவானவர்கள் என்று அக்கா வெகுகாலம் நினைத்திருந்தார்.

வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்ப்பது அவருடைய வேலை. ஓட்டை வழியாக அவர் எல்லாருக்கும் சொல்லும் ஒரு வசனம் உண்டு. "இது கைத்தடிங்க, கட்டில் இல்ல. ஊனிட்டு எந்திரிங்க, படுத்துடாதீங்க." சொல்லிவிட்டுச் சும்மா விடுகிறவர் இல்லை. கம்பெனிகளுக்குத் தானே போன் போட்டு, "ஒரு நல்ல ஆள் இருக்கார், பாக்கறீங்களா?" என்று கேட்பார். வேலை கிடைத்தவர்கள் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்த இனிப்பு ஓட்டைக்குள் நுழையாமல் நசுங்கி, அலுவலகமே சிரிக்கும்.

வீட்டில் நிலைமை வேறு. கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பெரும்பகுதி வெறும் போன்குரலாக இருப்பவர். அவருடைய அப்பா, அதாவது அக்காவின் மாமனார், இவர்களோடுதான் இருந்தார். கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே ரெஃப்ரி. பக்கவாதம் வந்த பிறகு நாக்கு கொஞ்சம் குழறும், ஒரு பக்கக் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. பேசக் கஷ்டமாக இருந்ததால் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு ஊதல் என்றால் தண்ணீர். நீண்ட ஊதல் என்றால் கழிப்பறை. பிறகு பள்ளிக்கூடம் போகும் மகள். பின்கட்டு அறையில் தம்பி.

தம்பி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். தொழிற்சாலையை மூடினார்கள். உதவித்தொகை வரத் தொடங்கியது. (அவனுடைய விவகாரத்தைப் பார்ப்பது வேறு கவுண்டர். அந்த விஷயத்தில் அக்கா சுத்தம்.) முதலில் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலை தேடிப் போனான். அப்புறம் இஸ்திரி நின்றது. அப்புறம் போவதும் நின்றது. "என்னப்பா பண்ற?" என்று யார் கேட்டாலும் "சும்மாதான் இருக்கேன்" என்றான். கேட்டுக் கேட்டுத் தெரு அவனுக்குச் சும்மா என்றே பெயர் வைத்துவிட்டது. "சும்மா எங்கே?" "சும்மா கடைக்குப் போயிருக்கான்." இந்த மாதிரி வாக்கியங்களுக்கு நம் மொழியில் இரண்டு அர்த்தம் வருவது அவன் குற்றமில்லை.

அக்கா பார்த்தது இவ்வளவுதான்: காலையில் அவர் கிளம்பும்போது தம்பி பனியனோடு காபி குடித்துக்கொண்டிருப்பான். மாலையில் திரும்பும்போது ரெஃப்ரியோடு சீட்டு ஆடிக்கொண்டிருப்பான்.

காபிக்கும் சீட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே மறைத்துவைத்து, பின்னால் ஒரு திருப்பமாகக் காட்டலாம். அதற்குத்தான் எழுத்தாளர்களிடம் மீபுனைவு, கட்டுப்புனைவு என்று வாயில் நுழையாத ஆயுதங்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர் அக்கா ஒருவர்தான்.

4

ஒரு தையல்கார அம்மா உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லி வந்திருந்தார். அக்கா தன் வசனத்தைச் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. ஓட்டைக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து, ரொம்ப அன்பாகவே கேட்டார்.

"உங்க வீட்டுக் கட்டில்ல உங்க தம்பி படுத்திருக்காரே, அவரை எழுப்பிட்டீங்களா?"

வரிசை சிரித்தது. பக்கத்துக் கவுண்டர் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கீழே போட்டுவிட்டுத் தேடியது. அக்காவின் காது மடல் சிவந்துபோனது. அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தச் சிவப்பு குறையவில்லை.

"நாளைக்கு என்ன பண்ணப் போற?" என்று தம்பியிடம் கேட்டார்.

"சும்மாதான். ஏன்?"

"அந்த வார்த்தையை இந்த வீட்ல இனிமே யாரும் சொல்லக் கூடாது."

"சும்மாகூட சொல்லக் கூடாதாம்மா?" என்றாள் மகள். யாரும் சிரிக்கவில்லை.

"நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன் அக்கா? கவர்மென்ட் குடுக்குது, வாங்கிக்கறேன்."

"கவர்மென்ட்னா யாரு? ஆகாசத்துல இருந்தா கொட்டுது? காலையில எந்திரிச்சு வேலைக்குப் போறவங்ககிட்ட பிடிக்கறதுதான் அது. என்கிட்டயும் பிடிக்கறாங்க."

"வேலையில இருந்தப்ப என்கிட்டயும்தான் பிடிச்சாங்க. இந்த மாதிரி நாளுக்குன்னு சொல்லித்தானே பிடிச்சாங்க?"

"இந்த மாதிரி நாளுக்குத்தான். இந்த மாதிரி வருஷங்களுக்கு இல்ல."

ரெஃப்ரி விசிலை உதடு வரை கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, ஊதாமல் இறக்கிவிட்டார்.

இதற்குப் பிறகு நான் எழுதியது: "அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கதவு அறைந்து சாத்தப்பட்டது." படித்துப் பார்த்துவிட்டுத் தம்பி தலையை ஆட்டினான்.

"அப்படி இல்ல சார். எனக்குக் கோபமே வரல. அக்கா அவ்வளவு பேசினா வரணும்ல? நான் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கிட்டேன். ராத்திரி படுத்ததும்தான் உறைச்சுது. யாரு என்ன சொன்னாலும் எனக்குள்ள ஒண்ணும் அசையலையே, நான் எங்க போயிட்டேன்னு பயமாப் போச்சு."

மறுநாள் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று ஆள் தேடும் அறிவிப்பை அக்காவே தன் அலுவலகப் பலகையில் ஒட்டி வைத்திருந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவன், அன்று நேராக அந்தக் கம்பெனிக்குப் போனான். எடுத்துக்கொண்டார்கள்.

5

கதை இங்கே முடிந்திருந்தால் மேடையில் படிக்க நன்றாக இருக்கும். கை தட்டுவார்கள். பரிசுகூடக் கிடைக்கலாம். "சொந்தக் கால்" என்று தலைப்பு வைத்து—

வேண்டாம். மேலே போவோம்.

அக்கா அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தார். தையல்கார அம்மாவுக்கும் ஒன்று, ஓட்டை வழியாக. தம்பியின் நடையே மாறிவிட்டது. சாப்பிடும்போது லிஃப்டைப் பற்றியே பேசினான். பெட்டி மேலே போகும்போது பின்னால் ஒரு பெரிய எடைக்கல் கீழே இறங்கும், அதை யாரும் பார்ப்பதில்லை, அது இல்லாவிட்டால் மோட்டாரால் ஒரு மாடிகூட இழுக்க முடியாது என்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான்.*

(* இதை நான் குறியீடாக வைக்கவில்லை. அவன் சொன்னான், எழுதினேன். குறியீடு தேடுகிறவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் தேடிக்கொள்ளவும்.)

பகலில் தம்பி வீட்டில் இல்லாததை முதலில் மோட்டார்தான் காட்டிக்கொடுத்தது, வீட்டு மோட்டார். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து எதிர்வீட்டு ஸ்கூட்டரைக் குளிப்பாட்டியது. வீட்டில் மோட்டார் இருப்பது அக்காவுக்குத் தெரியும். அதை யாராவது நிறுத்த வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. அடுத்து, பள்ளிக்கூடம் விட்டு எல்லாக் குழந்தைகளும் போன பிறகும் மகள் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். "மாமா வரும்னு நெனச்சேன்" என்றாள். அடுத்து, காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு மாலையில் அப்படியே இருந்தது. ரெஃப்ரியின் ஒரு கையால் அந்த மூடியைத் திறக்க முடியவில்லை. பக்கவாதக் கைக்குத் தினமும் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அதைத் தம்பி ஒரு நாள் விடாமல் செய்துவந்ததும், விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்தன.

ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துப் பார்த்தார். ரெஃப்ரியிடம் கழுத்து விசிலோடு, சட்டைப்பையில் நடுவர் அட்டைகளும் உண்டு. சோறு குழைந்ததற்கு மஞ்சள் அட்டை காட்டினார். தன் நாற்காலியை இடம் மாற்றியதற்கு இரண்டாவது மஞ்சள். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு, ஆள் வெளியே; அந்தப் பெண்ணுக்கு இந்தக் கால்பந்து விதி தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு வருவதற்குள் தானாகவே வெளியேறிவிட்டார்.

கணவர் ஏதோ துறைமுகத்திலிருந்து பேசினார். "அவன் வீட்ல இருந்தப்ப எல்லாம் ஒழுங்கா நடந்துச்சே."

"அவன் வீட்ல இருக்கானேன்னு ஒவ்வொரு தடவையும் பொருமினது யாரு?"

"சிக்னல் சரியில்ல" என்றார் கணவர்.

அக்கா அரை நாள் லீவு போட்டார், தாமதமாகப் போனார், சீக்கிரம் கிளம்பினார். ஒழுங்கானவர் என்ற பெயரில் ஓட்டை விழுந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, "உங்களைப் பாத்துதான் மத்தவங்களை நான் திட்டுவேன். இப்ப யாரைக் காட்டித் திட்டறது?" என்று வருத்தப்பட்டார்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். அரசாங்கம் தம்பிக்குக் கொடுத்தது. தம்பி தன் பகலை அக்காவின் வீட்டுக்குக் கொடுத்தான். அந்தப் பகல் கிடைத்ததால் அக்கா நிம்மதியாக அலுவலகம் போனார். போய், தம்பியைப் போன்றவர்களுக்குக் கொடுப்பதை எப்படிக் குறைக்கலாம் என்று பார்த்தார். யார் யாரைத் தாங்கினார்கள் என்று ஒரு படம் வரையப் பார்த்தேன். அம்புக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் ஒரு நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. (அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை. அசிங்கமாக இருந்தது.)

ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மாவைத் தியாகி ஆக்கிவிடாதீர்கள். அதற்கு அவனே இடம் தரவில்லை. "வீட்டு வேலை இருக்குன்னு நான் வேலை தேடாம இருக்கல சார். வேலை தேட பயம். அந்தப் பயத்துக்கு வீட்டு வேலை ஒரு போர்வை. நல்ல கதகதப்பான போர்வை. அக்கா பிடிச்சு இழுக்கலைன்னா இன்னும் அதுக்குள்ளதான் இருந்திருப்பேன்." அக்கா சொன்னதும் சரி, அக்கா பார்க்காமல் விட்டதும் நிஜம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைக்க எனக்கு இவ்வளவு பக்கம் ஆகிறது.

அக்காவின் பக்கத்துக் கவுண்டர்க்காரி ஒரு யோசனை சொன்னார். நடமாட முடியாத பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு, பகலில் வந்து பார்த்துக்கொள்ள அரசாங்கமே பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பும் திட்டம் இருக்கிறது. அந்த மனுவும் இதே அலுவலகத்தில், கடைசிக் கவுண்டரில்தான் வாங்குகிறார்கள்.

"நமக்கு எதுக்கு அதெல்லாம்? நாம சமாளிச்சுப்போம்" என்றார் அக்கா.

6

சமாளித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒன்றில்தான் எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். கதவு திறந்து கிடக்கிறது, ரெஃப்ரி உள்ளே இல்லை.

அக்கா வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை. ஓடிக்கொண்டே தம்பிக்குப் போன் செய்தார். அவன் என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். தெருமுனையில் இருவரும் மோதிக்கொள்ளாத குறையாகச் சந்தித்தார்கள்.

"மருந்துக் கடையில பாத்தியா?"

"பாத்தேன். பஸ் ஸ்டாப்?"

"அங்கதான் போய்ட்டு வரேன். இல்ல."

அக்காவின் கழுத்தில் அலுவலக அட்டை முதுகுப்பக்கம் திரும்பிக் கிடந்தது. கணவரிடம் என்ன சொல்வது, போலீஸுக்குப் போவதா, ஆஸ்பத்திரிகளைக் கேட்பதா என்று மனம் நாலாபக்கமும் ஓடியது. தம்பி கையைத் தூக்கினான்.

"அக்கா, பேசாத. கேளு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து விசில் சத்தம். தண்ணீருக்கான ஊதலும் இல்லை, கழிப்பறைக்கான ஊதலும் இல்லை. அக்கா இதுவரை கேட்டிராத, வெட்டியெறிந்தது போன்ற ஓர் ஊதல்.

மைதானத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ரெஃப்ரி உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சட்டை, ஒரு காலில் செருப்பு, மறு காலில் ஷூ. கன்னமெல்லாம் வேர்வை. ஒரு பையன் இன்னொருவன் காலைத் தட்டிவிட, விசில் பறந்தது. இருவரும் உடனே நின்றார்கள்.

"மாமா, யாரைக் கேட்டு வெளிய வந்தீங்க?" என்று கேட்டார் அக்கா.

ரெஃப்ரி அவரைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப்பையில் கைவிட்டு, நிதானமாக, மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"ஆட்டம்... நடக்குது" என்றார்.

தம்பி புல்லில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். அக்கா அவனைத் திட்ட வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. சிரிப்போடு கண்ணீரும். ஆட்டம் முடியும் வரை இருவரும் கோட்டுக்கு வெளியே, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

முடிந்ததும் ரெஃப்ரி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார். கால் கேட்கவில்லை. போனது சொந்தக் காலில். திரும்பியது தம்பியின் முதுகில். வழியில் அவன் தோளுக்கு மேலாகக் குழறிக் குழறிச் சொன்னார்.

"என்னை யாரு பாத்துக்கறதுன்னே... பேசறீங்க. எனக்கு என்ன வேலைன்னு... யாரும் கேக்கல."

வீட்டுக்கு வந்து அவருடைய ஒற்றை ஷூவைக் கழற்றிக்கொண்டே தம்பி சொன்னான். "நான் நின்னுடறேன் அக்கா. நாளைக்கே கம்பெனியில சொல்லிடறேன்."

"வேணாம்."

"எனக்குப் பழக்கம்தானே?"

"மறுபடியும் வீட்ல சும்மா உக்காரப் போறியா?"

அவன் நிமிரவில்லை. ஷூவின் முடிச்சைப் பார்த்தபடியே கேட்டான்.

"சும்மாவா உக்காந்திருந்தேன்?"

இதற்கு அக்காவின் பதிலாக நான் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். ஒன்றில் அவன் தலையைக் கோதினார். ஒன்றில் ஒரு நீண்ட, அழகான வாக்கியம் பேசினார். மூன்றையும் அக்கா அடித்துவிட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய்த் தண்ணி மோட்டாரை நிறுத்தினேன்."

அவர் திரும்பி வரும்போது தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "ஐயோ, லிஃப்டுல ஒருத்தர் இருக்காரு" என்றான்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதுவரை எழுதியதை அவர்கள் வீட்டில் படித்துக் காட்டினேன். முடிவு மட்டும் இல்லை என்றேன். அது தப்பாகப் போயிற்று.

தம்பியின் முடிவு: அவன் லிஃப்ட் கம்பெனியே தொடங்குகிறான். தையல்கார அம்மா அங்கே கணக்கு எழுதுகிறார். "ஏன் கணக்கு? அவங்க தைக்கறவங்க" என்றேன். "யாரையாவது ஏதாவது மாத்தணும்ல சார், கதைன்னா."

மகளின் முடிவு: தாத்தாவை எல்லா நாடும் ஆடும் பெரிய போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். பிளாஸ்டிக் பெட்டியோடு.

கணவரின் முடிவு போனில் வந்தது. "நான் கப்பலை விட்டுட்டு வந்து அப்பாவைப் பாத்துக்கறேன்னு எழுதிடுங்க."

"எழுதுங்க" என்றார் அக்கா. "எழுத்துலயாவது வரட்டும்."

"சிக்னல்—" என்றது போன்.

ரெஃப்ரியைக் கேட்டேன். "டிரா" என்றார்.

எனக்கென்று ஒரு முடிவு இருந்தது. எழுதியும் வைத்திருந்தேன்: "அரசு என்பது நாமே, நாம் என்பது ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து—" படிக்கத் தொடங்கியதும் மகள் கொட்டாவி விட்டாள். தாளை மடித்துவிட்டேன்.

நிஜத்தில் இதுவரை ஆனது இவ்வளவுதான். தம்பி வேலையை விடவில்லை. காலை நேர வேலையாக மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டான். மதியத்துக்குப் பிறகு வீடு, பந்து, மகள், மோட்டார் எல்லாம் அவன் கையில். மாலையில் ரெஃப்ரியை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறான். காலைப் பொழுதுதான் இன்னும் ஓட்டையாகவே இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறார். அக்கா இடையில் ஒருமுறை ஓடி வருகிறார். ரெஃப்ரி ஒருமுறை குளியலறையில் வழுக்கி, நல்லவேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறையும் சுவர் கைக்கு எட்டும் என்று யாரால் சொல்ல முடியும்?

அதனால் அக்கா லீவு போட்டார்.

8

தன் அலுவலகத்துக்கே, வேறு வாசல் வழியாகப் போனார். வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கம் உக்கார்றவங்கதானே, போங்க, முன்னாடி போங்க" என்றார். "இன்னைக்கு இந்தப் பக்கம்" என்று அக்கா அங்கேயே நின்றார்.

கடைசிக் கவுண்டரில் இருந்தவர் புதிதாகச் சேர்ந்த இளைஞர். அக்காதான் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். அக்கா குனிந்தார். ஓட்டை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இடுப்புக்குத் தெரிந்தது. இளைஞர் தர்மசங்கடத்தோடு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் விட்டுவிடலாமா என்று அவர் தயங்கியது முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்டார். அவரை அப்படி ஒழுங்காகப் பழக்கியது அக்காதானே.

"அக்கா, உங்களால இப்ப சமாளிக்க முடியுதா?"

முடிகிறது என்றால் மனு அங்கேயே முடிந்துவிடும். சமாளிக்கிறவர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை, அதுதான் விதி. முடியவில்லை என்றால் ஆள் கிடைக்கலாம். இதே மாதிரி விதிகளைக் காட்டித் தன் கவுண்டரிலிருந்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அக்கா.

தம்பி பாதி நாளை வெட்டிக் கொடுத்திருக்கிறான், அக்கா தினமும் ஓடுகிறார், எதிர்வீட்டுக்காரர் கழுத்தை நீட்டுகிறார், ரெஃப்ரி சுவரைப் பிடிக்கிறார். இதற்குச் சமாளிப்பது என்று பெயர் சொல்லலாம். சொன்னால் பொய்யில்லை. முடியவில்லை என்றும் சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. அக்கா பொய் சொல்லும் ஆளும் இல்லை.

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டேன். நீங்க என்ன எழுதறீங்கன்னு பாக்கறேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் நிமிர்ந்து வெளியே போனார், எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொன்றில் கையெழுத்துப் போட்டார், எனக்கு நிம்மதியாக இருந்தது. எது சரி என்று என் பேனாவுக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர்களைப் பற்றியும் கொடுக்கிறவர்களைப் பற்றியும் உங்களுக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கும், எல்லாருக்கும் இருக்கிறது. அதனால் உங்களிடமே விடுகிறேன். குனிந்துகொள்ளுங்கள். ஓட்டை கொஞ்சம் கீழே இருக்கிறது. அந்தப் பக்கம் இளைஞர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கிறார். பின்னால் நிற்பவர் தொண்டையைக் கனைக்கிறார்.

சீக்கிரம் சொல்லுங்கள். அக்கா போட்டிருப்பது அரை நாள் லீவுதான்.